ஒரு 'இ.டி.' படுத்திய பாடு

தலைப்பைப் பார்த்ததும், "ஐயையோ, இந்த அம்மாள் வீட்டிலுமா ரெய்டு?" என்று பயந்துவிடாதீர்கள், சகோதரிகளே! பத்திரிகைகளில் அடிபடுகிற அந்த இ.டி. இல்லை இது. இங்கிலீஷ் வினைச்சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டு வருமே, 'இ', 'டி' என்று இரண்டு எழுத்து, அதைத்தான் சொல்கிறேன். அந்த இரண்டு எழுத்தால் என் மாமியாரின் உயிருக்கே ஆபத்து வரப் பார்த்தது என்றால் நம்புவீர்களா? நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

எங்கள் ஊர் திருமழிசை. பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூர் நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம் வந்தால் எங்கள் ஊர்தான். 2020-ல் கொரோனா சமயத்தில் கோயம்பேடு காய்கறி மார்க்கெட்டே இடம் பெயர்ந்து எங்கள் ஊருக்கு வந்து சில மாதங்கள் இருந்ததே, நினைவிருக்கிறதா? அந்த ஊர்தான். ஒரு பக்கம் சிட்கோ தொழிற்பேட்டை, இன்னொரு பக்கம் ஜகந்நாதப் பெருமாள் கோயில். திருமழிசை ஆழ்வார் அவதரித்த தலம். என் வீட்டுக்காரருக்குத் தொழிற்பேட்டையில் லேத் வேலை. வீட்டில் நான், அவர், ஏழாம் வகுப்பு படிக்கிற பெரியவள், மூன்றாவது படிக்கிற சின்னவன், அப்புறம் எங்கள் அத்தை, அதாவது என் மாமியார்.

நான் பத்தாவது வரை தமிழ் மீடியத்தில் படித்தவள். இங்கிலீஷில் 41 மார்க். அந்த 41 மார்க்கும் எப்படி வந்தது என்பது எனக்கும் அந்தப் பெருமாளுக்கும்தான் தெரியும்! ஆனால் எங்கள் வீட்டில் நான்தான் 'படித்தவள்'. கேஸ் புத்தகமா, ரேஷன் கடைச் சீட்டா, பள்ளிக்கூடத்துச் சர்க்குலரா, எது வந்தாலும், "இதைக் கொஞ்சம் படிம்மா" என்று என் கையில்தான் கொடுப்பார்கள். அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. "எம் மருமக படிச்ச பொண்ணு, அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்படுவார். எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் கர்வம் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

2023 ஐப்பசி மழையில் அத்தைக்கு நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் வைத்திருந்தோம். ஏற்கெனவே அவருக்குப் பிரஷர் உண்டு. 2021 ஆகஸ்டில் அரசாங்கம் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீடு தேடி வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போவார்கள். அந்த மாத்திரையைத்தான் தினம் ஒன்று போட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று நான் போக முடியவில்லை. சின்னவனுக்கும் ஜுரம். வீட்டுக்காரர்தான் போனார். நர்ஸம்மா அவரிடம் எல்லாவற்றையும் எடுத்துச் சொல்லியிருக்கிறார். இவரோ பில் கட்டுகிற அவசரத்தில், "சரிங்க, சரிங்க" என்று தலையை ஆட்டிவிட்டு, இரண்டு பக்கச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். "என்னங்க சொன்னாங்க?" என்றேன். "எல்லாம் இதுல எழுதியிருக்காம். நீதான் படிப்பியே!" என்றார்.

நானும் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் பக்கம் டைப் அடித்திருந்தது. ஊசி போட்ட விவரம் சொல்கிற இடத்தில், 'இன்ஜெக்ஷன் வாஸ் ஸ்டாப்டு' என்று ஒரு வரி. ஊசியை நிறுத்திவிட்டார்கள். புரிந்தது. இரண்டாம் பக்கத்தின் அடியில், பிரஷர் மாத்திரையின் பெயருக்குப் பக்கத்தில், பேனாவால் கிறுக்கலாக ஒரு வரி. முதலில் இருந்த இரண்டு மூன்று சொற்கள் எனக்குப் புரியவில்லை. அப்புறம் 'டேப்', அதற்கப்புறம் பளிச்சென்று ஒரு சொல்: 'ஸ்டாப்டு'.

பள்ளிக்கூடத்தில் உருப்போட்டது ஞாபகம் வந்தது. 'இ.டி. வந்தால் இறந்த காலம்.' ஸ்டாப் என்றால் நிறுத்து, ஸ்டாப்டு என்றால் நிறுத்தினார்கள். மேலே ஊசியை நிறுத்தினார்கள், கீழே மாத்திரையை நிறுத்தினார்கள். சந்தேகமே இல்லை! "அத்தை, இனிமே உங்களுக்குப் பிரஷர் மாத்திரை கிடையாதாம். நிறுத்திட்டாங்க!" என்று சந்தோஷமாகச் சொன்னேன். அத்தைக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "பெருமாளே! ஒரு மாத்திரையாவது கொறைஞ்சுதே!" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

ஒரு வாரம் போயிற்று. "பின்னங்கழுத்து வலிக்குதும்மா" என்றார் அத்தை. தைலம் தேய்த்தேன். "தலை பாரமா இருக்குது" என்றார். மழைக்காலம், நீர் கோத்திருக்கும் என்று ஆவி பிடிக்கச் சொன்னேன். நான் ஒரு மடச்சி! பதினோராவது நாள், மாத்திரை கொடுக்கிற சகோதரி வழக்கம் போல வந்தார். மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தவர், "ஏங்க, இத்தனை மாத்திரை மீதி இருக்கு?" என்றார். சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. பட்டையைக் கையில் சுற்றிப் பிரஷர் பார்த்தார். 190க்கு 110.

அதே ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் ஓடினோம். வழியெல்லாம் எனக்குக் கையும் காலும் ஓடவில்லை. நல்லவேளை, பெரிய விபரீதம் ஒன்றும் ஆகவில்லை. ஒரு ராத்திரி வைத்துப் பார்த்து, மாத்திரையை மறுபடி கொடுக்கச் சொல்லி அனுப்பினார்கள். "பிரஷர் மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்தவே கூடாதும்மா. பக்கவாதம்கூட வந்திருக்கலாம்" என்று அந்த டாக்டரம்மா சொன்னபோது தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். "நீங்கதானே நிறுத்தினீங்க?" என்று கேட்க வாய் வரை வந்தது. ஆனால் கையில் இருந்த சீட்டைப் பார்த்தால் எனக்கே ஏதோ உறுத்தியது. பேசாமல் இருந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் கத்தினார். "மாத்திரையை நிறுத்துன்னு அவங்களே எழுதுவாங்களாம், அப்புறம் நம்மளையே கேப்பாங்களாம்! நாளைக்குப் போய் நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி கேக்கிறேன் பாரு!" என்று குதித்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி எல்லோரும் தூங்கினபின், பெரியவளை மட்டும் எழுப்பி, சமையலறை விளக்கைப் போட்டு, அந்தச் சீட்டை நீட்டினேன். "கண்ணு, இந்த வரியை மெதுவா படிச்சுச் சொல்லு."

அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். 'இஃப் கிடினெஸ், டேப் டு பி ஸ்டாப்டு அண்ட் ரிவ்யூ.' படித்துவிட்டுச் சொன்னாள்: "அம்மா, நிறுத்திட்டாங்கன்னு இதுல இல்லைம்மா. தலை சுத்துச்சுன்னா மாத்திரையை நிறுத்திட்டு வந்து காட்டணும்னு எழுதியிருக்காங்க."

"இ.டி. இருக்கே! இ.டி. வந்தா இறந்த காலம்தானே?"

"முன்னாடி 'டு பி' இருக்கே, அதைப் பாக்கலியா? அதுக்கும் முன்னாடி 'இஃப்' இருக்கே!"

சகோதரிகளே, அந்த நிமிஷம் எனக்கு இருந்த இருப்பை எப்படிச் சொல்வேன்? அத்தை தலை சுற்றுகிறது என்று ஒரு நாள்கூடச் சொல்லவில்லை. நிறுத்த வேண்டிய அவசியமே வரவில்லை. 'தலை சுற்றினால் நிறுத்த வேண்டும்' என்பதை நான் 'நிறுத்தியாகிவிட்டது' என்று படித்திருக்கிறேன். விடிந்தால் இவர் போய் அங்கே சண்டை போடுவார். பேசாமல் இருந்துவிடலாமா என்று ஒரு கெட்ட எண்ணமும் வந்தது. 'படித்தவள்' பட்டம் போய்விடுமே! ஆனால் அந்த நர்ஸம்மாவின் முகம் கண்ணெதிரே வந்தது. பாவம், அவர் சரியாகத்தானே சொல்லி அனுப்பியிருக்கிறார்?

காலையில் காபி கொடுக்கும்போது சொல்லிவிட்டேன். "என்னங்க, தப்பு அவங்க மேல இல்ல. நான்தான் தப்பாப் படிச்சுட்டேன்." அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். பிறகு, "தப்பு ஒன்னோடது மட்டும் இல்ல. அந்தம்மா சொன்னதை நானும் காதுல வாங்கலையே" என்றார். அத்தையிடம் போய் நின்றேன். அழுகை வந்துவிட்டது. அத்தை என்ன சொன்னார் தெரியுமா?

"போ பொண்ணே! நம்ம ஊரு ஆழ்வார் சொன்னதைப் பெருமாள் அப்படியே செஞ்சாரு. நீயும் சொன்னதைச் செய்யற மருமகதான். ஆனா சொன்னது என்னான்னுதான் ஒனக்குச் சரியா காதுல விழல!"

அழுகையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தை சொன்னது காஞ்சிபுரம் கதை. ஆழ்வாரின் சீடர் கணிகண்ணனை ராஜா ஊரை விட்டுப் போகச் சொல்ல, ஆழ்வாரும் கிளம்பி, பெருமாளைப் பார்த்து, "நீயும் உன் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு வா" என்றாராம். பெருமாளும் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே போனாராம். ராஜா மன்னிப்புக் கேட்டபின், "திரும்பி வந்து பாயை விரித்துப் படு" என்றாராம். அதையும் செய்தாராம். அதனால்தான் திருவெஃகாவில் அவருக்குச் 'சொன்ன வண்ணம் செய்த பெருமாள்' என்று பெயர். அந்தப் பெயர் பின்னால் என் இங்கிலீஷ் பாடத்துக்கே உதவப் போகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

அன்றைக்கே முடிவு செய்தேன். இந்த இ.டி.யை ஒரு கை பார்த்துவிடுவது! டீச்சர் யார் என்கிறீர்களா? என் பெரியவள்தான். ராத்திரி பாத்திரம் தேய்த்து முடித்ததும் அரை மணி நேரம். பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கம்தான் கரும்பலகை. "அம்மா, நீ தினம் செய்யற வேலையையே எடுத்துக்கலாம்" என்று 'குக்' என்ற சொல்லை எழுதினாள். குக், குக்ஸ், குக்டு, குக்கிங். "அவ்வளவுதான். மொத்தமே நாலு உருவம்தான்" என்றாள்.

நாலுதானா! நம் தமிழை எண்ணிப் பாருங்கள். சமைத்தேன், சமைத்தாய், சமைத்தான், சமைத்தாள், சமைத்தார், சமைத்தோம், சமைத்தீர்கள், சமைத்தார்கள் என்று இறந்த காலத்துக்கு மட்டுமே எத்தனை! இங்கிலீஷில் ஆளுக்கு ஆள் மாறுவதே இல்லை. நான் சமைத்தாலும் 'குக்டு', நீ சமைத்தாலும் 'குக்டு', ஊரே சமைத்தாலும் 'குக்டு'. நிகழ்காலத்தில் அவன், அவள், அது என்று வருகிற இடத்தில் மட்டும் ஓர் 'எஸ்'.

அது மட்டுமா? நன்னூலில் இறந்த காலத்துக்கு த், ட், ற், இன் என்று நாலு இடைநிலை சொல்லியிருப்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். சமைத்தேன், போட்டேன், தின்றேன், கழுவினேன். எந்தச் சொல்லுக்கு எது என்று நமக்கு யாராவது சொல்லிக் கொடுத்தார்களா? அம்மா இடுப்பில் உட்கார்ந்தபோதே வந்துவிட்டது. இவ்வளவு பெரிய கணக்கைப் போடுகிற நமக்கு, எல்லாவற்றுக்கும் ஒரே இ.டி. போடுவது ஒரு பெரிய காரியமா?

ஒழுங்காக இ.டி. ஏற்கிற சொற்கள்தான் இங்கிலீஷில் பெரும்பாலும். அடங்காப்பிடாரிகள் ஏறக்குறைய 200 இருக்கும், அவ்வளவே. நம் சமையலறையிலேயே இரண்டு கட்சியும் இருக்கிறது. வாஷ், பாய்ல், பீல், மிக்ஸ், கிளீன், ஃபிரை, சாப் எல்லாம் சாதுக்கள். ஃபிரையில் மட்டும் 'ஒய்' போய் 'ஐ' வரும், சாப்பில் 'பி' இரண்டாகும், ஸ்டாப்பில் ஆகிற மாதிரி. கிரைண்ட், ஸ்வீப், கட் மூன்றும் அடங்காதவை. அரைத்தால் 'கிரவுண்ட்', பெருக்கினால் 'ஸ்வெப்ட்', வெட்டினால் நேற்றும் 'கட்', இன்றும் 'கட்'! புதிதாகப் பிறக்கிற சொற்கள் எல்லாம் சமர்த்தாக இ.டி.யைத்தான் ஏற்கின்றன. கூகிளில் தேடினால் 'கூகிள்டு' என்கிறார்களே!

உச்சரிப்பிலும் ஒரு சின்னச் சூட்சுமம். நான் 'குக்கெட்', 'வாஷெட்' என்று படித்தேன். பெரியவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்த 'இ' எழுத்தில்தான் உண்டு, வாயில் கிடையாது. சட்டென்று ஒரு 'டு' மட்டும் ஒட்டினால் போதும்: குக்டு, வாஷ்டு, கிளீன்டு. ஏற்கெனவே 'டி' ஓசையில் முடிகிற சொல்லுக்கு மட்டும் ஓர் அசை கூடும்: வெயிட் - வெயிட்டட், வேஸ்ட் - வேஸ்ட்டட்.

இத்தனை சுலபமானது ஏன் நமக்கு வராமல் போயிற்று? யோசித்தேன். ஒருநாள் என் பேச்சை நானே கவனித்தேன். "ஃபோன் பண்ணினேன், குக்கரை ஆஃப் பண்ணு, வண்டியை ஸ்டாப் பண்ணுவாங்க." ஒரு நாளைக்கு நூறு இங்கிலீஷ் சொல் பேசுகிறோம். ஒன்றிலாவது இ.டி. இருக்கிறதா? இல்லை! இங்கிலீஷ் சொல்லை மொட்டையாக எடுத்து வைத்துக்கொண்டு, காலத்தையெல்லாம் 'பண்ணு' தலையில் கட்டிவிடுகிறோம். ஸ்டாப் பண்ணினேன், ஸ்டாப் பண்றேன், ஸ்டாப் பண்ணுவேன், ஸ்டாப் பண்ணணும். 'ஸ்டாப்' அசையாமல் நிற்கிறது, 'பண்ணு'தான் ஓடி ஓடி உழைக்கிறது. அதனால் நம் காதுக்கு இ.டி. பழகவே இல்லை.

இதை மகளிடம் சொன்னேன். அவள் துள்ளிக் குதித்தாள். "அம்மா! எங்க மிஸ் 'டிட் நாட் குக்டு'ன்னு எழுதக்கூடாதுன்னு திட்டிக்கிட்டே இருப்பாங்க. 'டிட்'டுன்னா பண்ணினதுதானே? நம்ம 'குக் பண்ணலை' மாதிரியே இருக்கு!" உண்மைதானே! 'டிட்' வந்துவிட்டால் காலத்தை அதுவே சுமந்துவிடும். பின்னால் வருகிற சொல் மொட்டையாக நின்றால் போதும். சுத்தத் தமிழிலும் அப்படித்தான். 'சமைக்கவில்லை' என்று சொல்லிப் பாருங்கள். நான் சமைக்கவில்லை, அவள் சமைக்கவில்லை, அவர்கள் சமைக்கவில்லை. 'சமைத்தேன்' என்பதில் இருந்த அந்த வாலெல்லாம் எங்கே போயிற்று? 'இல்லை' வந்ததும் கழன்றுவிட்டது! அன்றிலிருந்து என் மகளுக்கு அந்தப் பிழை வருவதே இல்லை. சொல்லிக் கொடுத்தது யார்? 41 மார்க் அம்மா!

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இந்த இ.டி.க்கு வேலை ஒன்று அல்ல, மூன்று.

முதல் வேலை நமக்குத் தெரிந்ததுதான். தனியாக வந்தால் 'வறுத்தேன்' என்கிற மாதிரி, நடந்து முடிந்த செயல். இரண்டாவது, ஒரு பொருளின் பெயருக்கு முன்னால் நின்று அது எப்படிப்பட்டது என்று சொல்வது. 'ஃபிரைடு ரைஸ்' என்றால் 'வறுத்தேன் சோறு' என்றா அர்த்தம்? வறுத்த சோறு. அரிசிக் கடையில் 'பாய்ல்டு ரைஸ்' என்றால் நம் புழுங்கல் அரிசி. தமிழில் இதற்குப் பெயரெச்சம் என்று பெயர். நினைவு வைக்க நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். சொன்ன வண்ணம், செய்த பெருமாள். அந்தச் 'சொன்ன'வும் 'செய்த'வும் பெயரெச்சம்தானே! எங்கள் ஊர் ஆழ்வார் புண்ணியத்தில் இதை மறக்கவே மாட்டேன்.

மூன்றாவது வேலைதான் என்னைக் கவிழ்த்தது. முன்னால் ஒரு துணைச்சொல் வந்து நின்றால், காலத்தைச் சொல்வது அந்தத் துணைச்சொல்தான். இ.டி. வெறுமனே பின்னால் நிற்கும். 'வாஸ் ஸ்டாப்டு' என்றால் நிறுத்தப்பட்டது. 'வில் பி ஸ்டாப்டு' என்றால் இனிமேல் நிறுத்தப்படும். 'ஷுட் பி ஸ்டாப்டு', 'டு பி ஸ்டாப்டு' என்றால் நிறுத்த வேண்டும், இன்னும் நிறுத்தவில்லை. 'ஹேவ் ஸ்டாப்டு' என்றால் நிறுத்தியிருக்கிறேன். எல்லாவற்றிலும் 'ஸ்டாப்டு' ஒன்றேதான்! கல்யாண வீட்டில் பெண்ணைப் பார்த்தால் போதுமா, பக்கத்தில் யார் நிற்கிறார் என்று பார்த்தால்தானே மாப்பிள்ளை யார் என்று தெரியும்? அதே மாதிரி இ.டி.யைக் கண்டதும் முடிவு கட்டாமல், முன்னால் நிற்பது யார் என்று பாருங்கள்.

அதற்கும் முன்னால் 'இஃப்' நின்றால் இன்னும் ஜாக்கிரதை. அது வந்தால் எல்லாமே 'ஆனால்தான்'. தலை சுற்றினால்தான் நிறுத்துவது. 'இஃப்' போட்டு, நடக்காத காரியத்துக்கும் இ.டி. போடுவார்கள் என்று மகள் சொன்னபோது, "இது என்னடி அநியாயம்!" என்றேன். பிறகு நினைத்துப் பார்த்தேன். 'நான் சமைத்தால்' என்று நாமும் சொல்கிறோமே, அதில் இருப்பதும் 'சமைத்த்' என்கிற இறந்த காலம்தானே? இன்னும் அடுப்பே மூட்டவில்லை! இரண்டு பாஷைக்கும் ஒரே புத்தி.

கட்டளைக்கு மட்டும் வால் எதுவும் கிடையாது. 'குக்' என்றால் சமை. சின்னவனுக்கும் அதே, மாமனாருக்கும் அதே! நம் மாதிரி 'சமை, சமையுங்கள்' என்ற மரியாதை வித்தியாசம் சொல்லுக்குள் இல்லை. பக்கத்தில் 'பிளீஸ்' வைத்துத்தான் மரியாதையைக் காட்ட வேண்டும். வாழ்த்துகிற இடத்தில் இன்னும் ஒரு அழகு. 'காட் பிளெஸ் யூ' என்கிறார்கள். கடவுள் ஒருவர்தானே, 'பிளெஸஸ்' என்று 'எஸ்' வர வேண்டாமோ? வராது. ஏனென்றால் அது செய்தி சொல்வது இல்லை, வேண்டிக்கொள்வது. நம் 'வாழ்க', 'வருக' மாதிரி. அதைத்தான் தமிழில் வியங்கோள் என்று படித்தோம்.

இரண்டு மாதம் கழித்து அத்தையைப் பரிசோதனைக்கு அழைத்துப் போனோம். இந்தத் தடவை நான்தான் போனேன். டாக்டரம்மா சீட்டை எழுதி நீட்டினார். நான் எழுந்துகொள்ளவில்லை. அங்கேயே உட்கார்ந்து படித்தேன். 'டு பி கன்டின்யூட்' என்று இருந்தது. "டாக்டர், இது தொடர்ந்து போட்டாயிற்று என்று அர்த்தமா, இனிமேலும் தொடர்ந்து போடணும் என்றா?" என்று கேட்டேன். கேட்கும்போது நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. வெளியே வரிசையில் அத்தனை பேர் காத்திருக்கிறார்கள், கோபித்துக்கொள்வாரோ என்று பயம். அவர் நிமிர்ந்து பார்த்தார். சிரித்தார். சீட்டைத் திரும்ப வாங்கி, அடியில், 'தினமும் காலை ஒன்று, நிறுத்தக் கூடாது' என்று தமிழிலேயே எழுதிக் கொடுத்தார். "இப்படி எல்லாரும் கேட்டால் எங்களுக்கும் நிம்மதி" என்றார்.

அன்புச் சகோதரிகளே! பிள்ளைகளுக்கு மார்க் வரத்தான் இலக்கணம் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. பள்ளிக்கூடச் சர்க்குலரில் 'வில் பி குளோஸ்டு' என்று இருந்தால், நாளைக்குத்தான் லீவு, இன்றைக்குப் பிள்ளையை அனுப்ப வேண்டும். மாத்திரை அட்டையில் 'நாட் டு பி சூடு' என்று இருந்தால், மென்று தின்னக் கூடாது, முழுசாக விழுங்க வேண்டும். தெரியாவிட்டால் கேளுங்கள். டாக்டரை, நர்ஸை, மருந்துக் கடைக்காரரை, வீட்டில் படிக்கிற பிள்ளையைக் கேளுங்கள். ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் முன், எந்த மாத்திரை தொடர வேண்டும், எது நிறுத்தியாகிவிட்டது, எது தேவைப்பட்டால் மட்டும் என்று மூன்று கேள்வியையும் கேட்டு, தமிழில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அரைகுறையாகத் தெரிந்ததை வைத்துக்கொண்டு, 'நான் படித்தவள்' என்று கர்வப்படுவதுதான் ஆபத்து. அதற்கு நானே சாட்சி.

அந்தக் காலண்டர் அட்டை இன்னும் எங்கள் அரிசி டிரம்மின் மேல் சுவரில் தொங்குகிறது. தினமும் காலையில் தண்ணீர் டம்ளரும் மாத்திரையுமாக நான் போய் நின்றால், அத்தை குறும்பாக ஒரு கேள்வி கேட்பார்.

"ஏம்மா, இன்னைக்கு ஸ்டாப்பா, ஸ்டாப்டா?"

"ரெண்டும் இல்ல அத்தை, கன்டின்யூ!" என்பேன். ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு, என் தலையில் கை வைத்து, "நல்லா இருக்கணும்" என்பார். இங்கிலீஷில் சொன்னால், 'எஸ்' இல்லாத அந்த 'பிளெஸ்'தான்!